சிதைவுக்குக் கட்டிய கோயில்: ‘நோஸ்ஃபெராட்டு’வும் அதன் வட்டுப் பதிப்புகளும்

பழைய பேய்ப்படங்களைப் பற்றி எழுதுவோரிடையே ஒரு கருத்து நெடுங்காலமாக ஊறிப்போயிருக்கிறது. கீறல் விழுந்து, வெளிறி, உருவங்கள் மங்கலாகத் தள்ளாடும் படியில் பார்க்கும்போதுதான் அத்தகைய படம் அச்சுறுத்தும் என்றும், ஆவணக்காப்பகங்கள் அதைத் துலக்கி நிறமூட்டி, டிவிடியாகவோ புளூ-ரே வட்டாகவோ வீட்டுக்கு அனுப்பிவைக்கும்போது அதன் மர்மம் வடிந்துவிடுகிறது என்றும் அக்கருத்து சொல்கிறது. எஃப். டபிள்யூ. முர்னாவ் இயக்கி 1922இல் வெளிவந்த ஜெர்மானிய மௌனப்படமான ‘நோஸ்ஃபெராட்டு’ இக்கருத்துக்கு முதன்மைச் சான்றாக மீண்டும் மீண்டும் காட்டப்படுகிறது. கல்லறையிலிருந்து எழுந்துவரும் ஓர் உருவத்தைப் பற்றிய படம், தானும் கல்லறையிலிருந்து எழுந்துவந்ததுபோல் தோன்றுவது பொருத்தம்தானே என்ற வாதம் கேட்பதற்கு இனிமையாகவே இருக்கிறது. ஆயினும் அந்தப் படம் எவ்வாறு எடுக்கப்பட்டது, எவ்வாறு அழிக்கப்பட்டது, எவ்வகைப் படிகளில் உலகைச் சுற்றியது என்பவற்றை நெருங்கிப் பார்க்கும் எவருக்கும், இந்த வாதம் ஒரு விபத்தைக் கலைக்கொள்கையாக உயர்த்தி வைத்திருக்கிறது என்பது விளங்கும்.

படத்தைத் தயாரித்த பிராணா பிலிம் நிறுவனம் பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவலுக்குரிய உரிமையைப் பெறாமலேயே அக்கதையை எடுத்தாண்டது. கவுன்ட் டிராகுலா ஓர்லோக் பிரபு ஆனான்; ஜோனதன் ஹார்க்கர் ஹூட்டர் ஆனான்; நிகழ்களம் லண்டனிலிருந்து விஸ்போர்க் என்ற கற்பனைத் துறைமுக நகருக்கு மாறியது. திரைக்கதையை எழுதியவர் ஹென்ரிக் காலீன். அரங்கப் பொருள்களையும் ஆடைகளையும் விளம்பரச் சித்திரங்களையும் வடிவமைத்தவர் மறைஞான ஈடுபாடு கொண்ட ஓவியர் ஆல்பின் கிராவ். ஜெர்மன் மூலத்தின் தலைப்பு அட்டையே ஸ்டோக்கரின் நாவலைப் பெயர்சொல்லிக் குறிப்பிட்டிருந்ததால், பெயர்மாற்றம் எவரையும் ஏமாற்றவில்லை. ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸ் தொடுத்த வழக்கு, நிறுவனம் நொடித்துப்போன பின்னும் நீண்டு, 1925இல் படத்தின் படிகள் யாவற்றையும் அழிக்குமாறு பெர்லின் நீதிமன்றம் ஆணையிடுவதில் முடிந்தது. ஆனால் அதற்குள் படிகள் ஜெர்மனியின் எல்லையைக் கடந்துவிட்டிருந்தன. அவற்றுள் பிரான்ஸில் தங்கிய படிகளே படத்துக்கு இரண்டாம் வாழ்வைத் தந்தன.

இந்த இரண்டாம் வாழ்வின் தன்மைதான் மேற்கண்ட கருத்தின் வேர். படி என்பது திரையரங்கில் ஓட்டுவதற்காக நெகட்டிவிலிருந்து எடுக்கப்படும் பாசிட்டிவ் சுருள். படியிலிருந்து இன்னொரு நெகட்டிவும் அதிலிருந்து இன்னொரு படியும் எடுக்கும்போது ஒவ்வொரு தலைமுறையிலும் நுண்விவரம் குறைந்து கருமையும் வெண்மையும் ஒன்றையொன்று விழுங்குகின்றன. ‘நோஸ்ஃபெராட்டு’ இவ்வாறு பல தலைமுறை கடந்து 16 மி.மீ. சுருளுக்கு இறங்கியது, அச்சுருளின் சட்டகப் பரப்பு மூலமான 35 மி.மீ. சட்டகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இசைத்தடம் சேர்க்கப்பட்ட படிகளில் அத்தடத்துக்கு இடம் கொடுப்பதற்காகச் சட்டகத்தின் ஓர் ஓரம் வெட்டுப்பட்டது. அமெரிக்காவில் படம் பொதுவுடைமையாகிவிட்டதால், கையில் ஒரு 16 மி.மீ. சுருள் வைத்திருந்த எவரும் அதை விஎச்எஸ் நாடாவாகவும் பின்னர் மலிவு டிவிடியாகவும் விற்க முடிந்தது. இரண்டு தலைமுறைப் பார்வையாளர்கள் ‘நோஸ்ஃபெராட்டு’ என்று அறிந்தது பெரும்பாலும் இந்தச் சரக்கைத்தான். மங்கலே இப்படத்தின் இயல்பு என்ற சுவை இவ்வாறு விலைப்பட்டியலில் பிறந்து, பின்னர் ரசனையின் மொழியைக் கற்றுக்கொண்டது.

விவாதத்தின் நடுப்புள்ளி நிறம். மௌனப்படக் காலத்தில் ‘கருப்பு வெள்ளைப் படம்’ என்று இன்று அழைக்கப்படுபவற்றுள் மிகப் பல, திரையில் நிறத்தோடுதான் ஓடின. படியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே சாயத்தில் தோய்த்து, காய்ந்தபின் ஒட்டிச் சேர்ப்பது அன்றைய வழக்கம். நிறமூட்டல் எனப்படும் இம்முறையில் சட்டகத்தின் வெளிச்சப் பகுதிகள் அனைத்தும் ஒரே வண்ணத்தில் தோய்ந்து தெரியும். எந்தக் காட்சிக்கு எந்த வண்ணம் என்பது கதையோடு பிணைந்த முடிவு. அக்காலப் படச்சுருள் நீல ஒளிக்கு மிகுதியாகவும் சிவப்புக்கு அரிதாகவும் இணங்கியது. அதன் உணர்திறன் குறைவு. ஆகவே வெளிப்புற இரவுக்காட்சியை உண்மையான இரவில் எடுப்பது செலவு மிகுந்த வேலையாக இருந்தது. ஒளிப்பதிவாளர் ஃபிரிட்ஸ் ஆர்னோ வாக்னர் விஸ்மார் நகரத் தெருக்களையும் லூபெக்கின் உப்புக் கிடங்குகளையும் நல்ல பகல் வெளிச்சத்திலேயே படமெடுத்தார். பின்னர் அக்காட்சிகள் நீலப்பச்சைச் சாயத்தில் தோய்ந்து இரவாயின. பகற்பொழுதுக்கு மஞ்சளும் பழுப்பும், விடியலுக்கும் அந்திக்கும் இளஞ்சிவப்பும் சேர்ந்தன.

இதை அறிந்த பின் கருப்பு வெள்ளைப் படியில் ஓர்லோக்கின் வருகையைப் பார்ப்பவருக்கு நேரும் குழப்பம் சாதாரணமானதன்று. சவப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சுவரில் வெயில் பளீரென்று அடிக்க, நிழல்கள் கூர்மையாக விழ, நட்டநடுப்பகலில் ஒரு ரத்தக்காட்டேரி நகரத்தின் குறுக்கே நடந்துபோகிறான். இறுதிக்காட்சியிலோ, சேவல் கூவி முதற்கதிர் சாளரத்தில் பட்டவுடன் அதே ஓர்லோக் புகைந்து மறைகிறான். முதல் வெயில் கொல்லாதவனை இரண்டாம் வெயில் ஏன் கொல்லவேண்டும்? இக்கேள்விக்குக் கருப்பு வெள்ளைப் படியில் விடையே இல்லை. அது முர்னாவின் கவனக்குறைவு என்று ஏளனம் செய்தோரும், கனவுக்குத் தருக்கம் தேவையில்லை என்று வக்காலத்து வாங்கியோரும் உண்டு. இரு சாராரும் பேசியது முர்னாவ் எடுக்காத ஒரு படத்தைப் பற்றி. ஸ்டோக்கரின் 1897ஆம் ஆண்டு நாவலில் டிராகுலா பகலிலும் வெளியே வருகிறான்; பகலில் அவனுடைய ஆற்றல் குன்றுமே தவிர உயிர் போவதில்லை. கதிரவன் ஒளி ரத்தக்காட்டேரியைக் கொல்லும் என்ற விதியைத் திரைக்குக் கொண்டுவந்தது ‘நோஸ்ஃபெராட்டு’தான், பிற்கால ரத்தக்காட்டேரிப் படங்கள் பலவும் அந்த விதியின் பேரிலேயே பிழைத்தன. பகலும் இரவும் பிரியும் கோட்டின்மேல் முழுக் கதையையும் நிறுத்திய ஒரு படத்திலிருந்து அந்தக் கோட்டையே அழித்துவிட்டு, எஞ்சியதை மர்மம் என்று போற்றுவது விசித்திரமான பக்தி.

நிறத்தை நீக்கிய படி ‘நிறமூட்டுவதற்கு முந்தைய தூய படம்’ என்று எண்ணுவதும் தவறு. சாயமேறிய படியைக் கருப்பு வெள்ளைச் சுருளில் மறுபடியெடுக்கும்போது சாயம் ஒளியைத் தடுக்கிறது. அத்தடை புதுப் படியில் சாம்பல் மூட்டமாகவோ முரட்டுக் கருமையாகவோ பதிகிறது. ரசிகர்கள் மூடுபனி என்று வியந்தவற்றுள் எவ்வளவு இவ்வாறு நேர்ந்த அழுக்கு என்பதைக் கணக்கிட யாரும் முனைந்ததில்லை.

ஓட்டத்தின் வேகமும் இதே கதைதான். மௌனப்படக் காமிராவைக் கையால் சுழற்றினார்கள். வினாடிக்கு இத்தனை சட்டகம் என்ற கட்டாயம் அப்போது இல்லை. பேசும்படம் வந்தபின்னரே வினாடிக்கு 24 சட்டகம் என்ற அளவு நிலைத்தது. 1,967 மீட்டர் நீளமுள்ள ‘நோஸ்ஃபெராட்டு’ வினாடிக்கு 18 சட்டக வேகத்தில் ஏறக்குறைய 95 நிமிடம் ஓடும். 24 சட்டக வேகத்தில் எழுபது நிமிடத்தைச் சற்றே தாண்டும். பின்னதில் மனிதர்கள் குதித்துக் குதித்து நடக்கிறார்கள்; மௌனப்படம் என்றாலே கோமாளித்தனம் என்ற எண்ணம் பரவியதில் இந்த வேகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. இங்கு இழப்பு இன்னும் ஆழமானது, ஏனெனில் முர்னாவ் வேகத்தையே அமானுஷ்யத்தின் அடையாளமாக வைத்தார். ஹூட்டரைக் கோட்டைக்கு ஏற்றிச்செல்லும் வண்டி இயற்கைக்கு மாறான துடிப்போடு விரைகிறது. ஓர்லோக் சவப்பெட்டிகளை வண்டியில் அடுக்கும் காட்சியும் அவ்வாறே. மனிதர் நடை நிதானமாக இருந்தால்தான் பேயின் வண்டி விரைகிறது என்பது உறைக்கும். எல்லாமே விரைந்தால் எதுவும் விரைவதில்லை. அதே பயணத்தில் ஒரு பகுதி நெகட்டிவாகவே, அதாவது வெண்மையும் கருமையும் இடம் மாறிய நிலையில், வெண்ணிற மரங்களோடு காட்டப்படுகிறது. தேய்ந்த படியில் பல சட்டகங்கள் ஏற்கெனவே வெளிறிக் கிடப்பதால், இந்தத் திட்டமிட்ட திருப்பமும் இன்னொரு பழுதாகக் கடந்துபோய்விடுகிறது. இதில் வட்டுகளும் குற்றமற்றவை அல்ல: 18 சட்டகத்தை 24 சட்டகச் சட்டத்துக்குள் அடைக்க மூன்றில் ஒன்றைத் திரும்பக் காட்டவேண்டியிருப்பதால், கூர்ந்து பார்ப்பவர் கண்ணுக்கு அசைவில் மெல்லிய தடுமாற்றம் தென்படும். ஆயினும் இது கால்வாசி நேரத்தை விழுங்கிய பழைய பிழையோடு ஒப்பிடத்தக்கதன்று.

தெளிவு பயத்தைக் கொல்லும் என்ற பொதுவிதி எல்லாப் பேய்ப்படங்களுக்கும் செல்லுமா என்பது ஒருபுறம் இருக்க, இந்தப் படத்துக்கு அது சற்றும் செல்லாது. 1920இல் வந்த ‘டாக்டர் கலிகாரியின் அறை’ திரைச்சீலையில் தீட்டிய கோணல் வீதிகளில் நிகழ்ந்தது. ‘நோஸ்ஃபெராட்டு’ பால்டிக் கரையோர நகரங்களிலும், இன்று ஸ்லோவாக்கியாவில் இருக்கும் ஒராவா கோட்டையிலும், டாட்ரா மலைச்சாரலிலும் எடுக்கப்பட்டது. உண்மையான செங்கல், உண்மையான அலை, உண்மையான காற்றில் சாயும் புல் ஆகியவற்றின் நடுவே இருக்கவே இயலாத ஓர் உருவத்தை நிறுத்துவதே முர்னாவின் உத்தி. படத்தில் வரும் பேராசிரியர் புல்வர் தம் மாணவர்களுக்கு ஈயை விழுங்கும் செடியையும், நுண்ணோக்கியின்கீழ் உணர்கொம்பு நீட்டி இரையைப் பற்றும் ஒளிபுகும் நீருயிரியையும் காட்டுகிறார். ரத்தம் குடிப்பவன் இயற்கைக்கு வெளியே இல்லை, இயற்கையின் ஓர் உறுப்பினன் என்ற கொடிய கருத்து அங்கே முளைக்கிறது. மலிவுப் படிகளில் அந்த நீருயிரி ஒரு வெண்புள்ளி. செடி ஒரு கருந்திட்டு. நிலக்காட்சியின் நுண்விவரம் போனபின், படம் அரங்கில் கட்டிய நிழல் நாடகம்போல் தோன்றி, ‘கலிகாரி’யோடு ஒரே மூச்சில் சொல்லப்படும் எக்ஸ்பிரஷனிசப் படமாகப் பாடநூல்களில் அடங்கிப்போனது. எக்ஸ்பிரஷனிசம் என்பது புற உலகை உள்ளத்தின் கொந்தளிப்புக்கேற்பத் திரித்துக் காட்டும் கலைப்போக்கு. ஓர்லோக்கின் தோற்றத்துக்கு அச்சொல் பொருந்தும். அவன் நடக்கும் தெருவுக்குப் பொருந்தாது.

புளூ-ரே வட்டில், ஓர்லோக்காக நடித்த மாக்ஸ் ஷ்ரெக்கின் ஒப்பனை கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது என்ற முறையீடும் அடிக்கடி எழுகிறது. 1922இல் பெர்லினில் திரையிடப்பட்ட படி காமிரா நெகட்டிவிலிருந்து நேரே எடுக்கப்பட்ட நைட்ரேட் படி என்பதை முறையிடுவோர் மறந்துவிடுகிறார்கள். நைட்ரேட் என்பது எளிதில் தீப்பற்றும் அக்காலச் சுருள். நல்ல நிலையில் உள்ள அத்தகைய முதல்தலைமுறைப் படி தருகின்ற தெளிவை இன்றைய வீட்டு வட்டு விஞ்சுவதில்லை. முதல் பார்வையாளர்கள் ஒப்பனையை இன்றைய வட்டு காட்டுமளவுக்காவது கண்டார்கள்; கண்டும் அஞ்சினார்கள், அல்லது அஞ்சாமல் போனார்கள். அது அவர்கள் பாடு. ஷ்ரெக் மெய்யாகவே ரத்தக்காட்டேரியாக இருந்தாரோ என்ற வேடிக்கைக் கற்பனை, 2000ஆம் ஆண்டில் ‘ஷேடோ ஆஃப் தி வாம்பையர்’ என்று ஒரு படமாகவே எடுக்கப்பட்டதில், முகத்தைப் புகைமூட்டமாகக் காட்டிய படிகளுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கக்கூடும்.

எதிர்த்தரப்பில் மதிப்புக்குரிய வாதம் ஒன்று உண்டு. மீட்டமைக்கப்பட்ட பதிப்பு என்பது ஒட்டுவேலை, அந்த வடிவில் இப்படத்தை 1922இல் எவரும் பார்த்ததில்லை என்பது அது. உண்மைதான். 1980களில் மியூனிக் திரைப்பட அருங்காட்சியகத்தில் என்னோ பாட்டாலாஸ் தொடங்கிய மீட்புப்பணி பல கட்டங்களைக் கடந்து, 2005–06இல் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் முர்னாவ் அறக்கட்டளைக்காக லூசியானோ பெரியாத்துவா மேற்கொண்ட பதிப்பில் இன்றைய வடிவை அடைந்தது. 2007க்குப் பின் வந்த தரமான டிவிடிகளும் 2013இல் வெளியான புளூ-ரே வட்டுகளும் இதன் வழிவந்தவை. அதற்கு அடிப்படை பிரெஞ்சு சினிமாதெக் ஆவணக்காப்பகத்தில் இருந்த 1922ஆம் ஆண்டு நிறமூட்டிய நைட்ரேட் படி. விடுபட்ட காட்சிகள் ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக்காப்பகத்தின் 1939ஆம் ஆண்டுப் படியிலிருந்தும், 1930இல் ‘பன்னிரண்டாம் மணி’ என்ற பெயரில் மாற்றி வெளியிடப்பட்ட வடிவத்தின் படியிலிருந்தும் நிரப்பப்பட்டன. ஜெர்மன் எழுத்து அட்டைகளிற் பெரும்பாலானவை கிழக்கு ஜெர்மானிய ஆவணக்காப்பகத்தின் 1962ஆம் ஆண்டுப் படியிலிருந்து வந்தன.

ஆனால் ஒட்டுவேலை என்ற குற்றச்சாட்டு எந்தப் படிக்குத்தான் பொருந்தாது? மலிவு நாடாக்களும் ஒட்டுவேலையே. அவை அதைச் சொல்லவில்லை என்பதே வேறுபாடு. அவற்றில் கிராவின் கையெழுத்துச் சாயல் கொண்ட அட்டைகள் நீக்கப்பட்டு ஆங்கில அச்செழுத்துகள் ஏறின. பல படிகளில் ஓர்லோக் மீண்டும் டிராகுலா ஆனான், ஹூட்டர் மீண்டும் ஹார்க்கர் ஆனான். வழக்குக்கு அஞ்சி மறைத்த பெயர்களை, வழக்கில் தோற்று அழிக்கப்பட்ட படத்தின் மேல் பிறர் மறுபடி ஒட்டிவிட்ட இந்த வேடிக்கையை ‘மூலத்தின் வசீகரம்’ என்று போற்றுவோர் ஒருமுறையாவது எண்ணிப் பார்த்திருக்கலாம். பெரியாத்துவாவின் பதிப்போ தன் ஆதாரங்களைத் தொடக்கத்திலேயே அறிவிக்கிறது. கிடைக்காத அட்டைகளை மூல எழுத்துருவைப் பின்பற்றிப் புதிதாக வரைந்த இடங்களில் அறக்கட்டளையின் பெயர்ச்சுருக்கமான ‘எஃப்.டபிள்யூ.எம்.எஸ்.’ என்ற எழுத்துகளைப் பொறித்திருக்கிறது. பாடபேதங்களை ஒப்பிட்டு, இடைச்செருகலை அடையாளமிட்டு, தன் ஊகத்தைத் தன் ஊகம் என்றே ஒப்புக்கொள்ளும் பதிப்பாசிரியரின் நேர்மை இது. நூலுக்கு இந்நேர்மையை வேண்டுவோர் திரைப்படத்துக்கு மட்டும் செல்லரித்த ஏட்டையே கையிற் கொடு என்று கேட்பதற்கு என்ன நியாயம் உண்டு?

மீட்டமைப்பு படத்தைத் துடைத்துப் பளிங்காக்கிவிட்டது என்ற புகாரோ வட்டைப் பார்க்காதவர்கள் சொல்வது. கீறல்களும் ஒளித்துடிப்பும் அந்தப் பதிப்பில் ஏராளமாக எஞ்சியிருக்கின்றன; படத்தின் சரித்திரத்தைத் தேய்மானத்தில் வாசிக்க விரும்புவோருக்கு அங்கே போதிய உணவு உண்டு. எண்முறைக் கருவிகொண்டு துகளையெல்லாம் அழித்து முகங்களை மெழுகாக்கும் வட்டுகள் சந்தையில் இருப்பது மெய். அவற்றைக் கண்டிப்பது சரி. அதற்காகத் துலக்குதலையே கண்டிப்பது, கலப்படத்துக்கு அஞ்சிப் பசியோடு கிடப்பது.

இசையைச் சுருக்கமாகவே சொல்லலாம். மௌனப்படம் மௌனமாக ஓடியதில்லை. 1922 மார்ச் 4 அன்று பெர்லின் விலங்குக்காட்சிச் சாலையின் பளிங்கு மண்டபத்தில் நடந்த முதல் திரையிடலுக்கு ஹான்ஸ் எர்ட்மான் தனியே இசையமைத்திருந்தார். முழு இசைக்குறிப்பு கிடைக்காத நிலையில், அச்சில் வந்த தொகுப்பை ஆதாரமாகக் கொண்டு பெர்ன்ட் ஹெல்லர் மீட்டமைத்த வடிவம் வட்டுகளில் ஒலிக்கிறது. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் வட்டில் ஜேம்ஸ் பெர்னார்டு 1990களில் அமைத்த வேறோர் இசை உண்டு. ஹாமர் நிறுவனத்தின் டிராகுலா படங்களுக்கு இசை தந்தவர் அவர். இரண்டில் எது சிறந்தது என்பது தனி வழக்கு. மலிவு நாடாவில் படத்தோடு தொடர்பின்றி ஓடும் ஏதோ ஓர் ஆர்கன் பதிவைவிட இரண்டுமே மேல் என்பதில் வழக்கே இல்லை.

கடைசி அரண், திரையரங்கு. இருட்டும் பெருந்திரையும் முன்பின் அறியாத கூட்டமும் இல்லாத வீட்டறையில் பேய்ப்படம் பாதி உயிரை இழக்கிறது என்போரை மறுக்கவேண்டியதில்லை. இடையில் நிறுத்திவிட்டுத் தேநீர் போடப் போகும் வசதி அச்சத்துக்கு நல்லதன்று. ஆனால் இந்த வாதம் மங்கல் படிக்குத் துணை வராது, ஏனெனில் அந்த மங்கல் படியும் பெரும்பாலோருக்கு வீட்டுத் தொலைக்காட்சியில்தான் அறிமுகமானது. மேலும் நிறுத்திப் பார்ப்பதற்கென்றே ஒரு பயன் உண்டு. ஓர்லோக்குக்கும் ஹூட்டரின் முதலாளியான வீட்டுத் தரகன் நோக்குக்கும் இடையே செல்லும் கடிதத்தில் கிராவ் நிரப்பிய மறைகுறிகள் திரையில் சில வினாடிகளே தோன்றுகின்றன. அவை கிறுக்கல் அல்ல, படித்தறிந்த ஒருவர் இணைத்த சோதிட, ரசவாத அடையாளங்கள் என்பது சட்டகத்தை நிறுத்திப் பார்க்கும்போதே புலப்படும். திரையரங்கில் ஒருமுறை பார்த்துவிட்டு வட்டில் மறுமுறை வாசிப்பதே இப்படத்துக்கு ஏற்ற ஒழுங்கு. இரண்டாவதற்குத் தகுதியான வட்டு இல்லாதவரை முதலாவதன் நினைவும் திருந்துவதில்லை.

வட்டுகளின்மேல் சுமத்தத்தக்க குறைகள் வேறிடத்தில் இருக்கின்றன. எந்த ஒட்டுத்துண்டு எந்தப் படியிலிருந்து வந்தது என்பதைக் காட்சி வரிசையாகச் சொல்லும் அட்டவணை அவற்றில் வேண்டும்; எந்த வண்ணம் சான்றின்படி இடப்பட்டது, எது ஊகம் என்பதையும் அங்கேயே பிரித்துக் காட்டவேண்டும்; சீர்கெட்டதாயினும் ‘பன்னிரண்டாம் மணி’ வடிவத்தை ஒப்பிடுவதற்காகவேனும் உடன்சேர்க்கவேண்டும். ராபர்ட் எக்கர்ஸின் 2024ஆம் ஆண்டுப் படம் பழைய படத்தைத் தேடவைத்த புதிய பார்வையாளர்களுக்கு அதுவரை மிக எளிய சோதனை ஒன்று போதும். பின்னட்டையில் ஓடும் நேரம் ஒன்றேகால் மணியை எட்டவில்லையென்றால், எழுத்து அட்டைகளில் பிரபுவின் பெயர் டிராகுலா என்றிருந்தால், துறைமுகத் தெருவில் அவன் நடக்கும்போது வெயில் வெள்ளையாக அடித்தால், கையில் இருப்பது விற்பனைக்கு வந்த ஒரு சிதைவு. அதைக் கடையிலேயே வைத்துவிடலாம்.